இரண்டு விரற்கடை

கேள்வி என்னிடம் வந்ததற்குக் காரணம் ஒன்றுதான்:
இருவரிடமும் அடி வாங்கியவன்
விந்தூக் நகரத்தில் நான் ஒருவன்.

கட்டுடூரா சந்தையில் இறைச்சிப் புகை.
திருமதி கவாரி ஒப்பந்தத்தை
எண்ணெய் படாத ஓரத்தில் வைத்திருக்கிறாள்.
மிளகாய்த்தூளில் ஒரு துண்டைப் புரட்டியபடி கேட்கிறாள்:
"பையன் தயாரா?
ஆமா, இல்லை. ஒரு சொல் போதும்."

சுற்றுக்கு இருநூறு டாலர் என் விலை.
எங்கள் டாலர்.
பானையின் பதம் பார்க்க
எடுத்து நசுக்கும் ஒரு சோறு நான்.
சோற்றிடம் யாரும் இதுவரை
அபிப்பிராயம் கேட்டதில்லை.

தங்கேனிக்கு இருபத்தொரு வயது.
பதினாறு சண்டை, பதினாறு வெற்றி.
அந்தப் பதினாறில் ஒருவன் டாக்ஸி ஓட்டுகிறான்,
ஒருவனை முந்தைய நாள் மாலைதான்
போன் போட்டு அழைத்தார்கள்.
சுவரொட்டியில் இதற்கெல்லாம் இடமில்லை.

ஆனால் அந்த இடக்கை உண்மை.
வருவது தெரியாது, வந்தது தெரியும்.
மே மாதம் ஒருநாள் நானும் அவனை
நன்றாகவே அடித்தேன்.
கோபப்படவில்லை.
பேருந்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தவன்போல
யோசனையோடு என்னைப் பார்த்தான்.
அது நல்லதா கெட்டதா, இன்றுவரை விளங்கவில்லை.

விளங்கிய ஒன்று:
இரண்டாம் குத்துக்குப் பின்
அந்தக் கை கன்னத்துக்குத் திரும்பும்போது
இரண்டு விரற்கடை தாழ்ந்து வருகிறது.
ஒரு ஸ்பூன் நுழையும் இடம்.
என் வலக்கை போய்ச் சேர்வதற்குள்
மூடிவிடுகிறது.

சத்திபேகோவின் வலக்கை போய்ச் சேரும்.

அல்மாட்டிக்கு மேலே, மலை முகாமில்
ஒன்பது வாரம் அவனுக்கு மணல்மூட்டையாக இருந்தேன்.
வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியைப் பார்த்த அன்றே
அதைத் துணியில் கட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.
அவன் அடிப்பதைவிடக் காத்திருப்பது அதிகம்,
வாசலில் நிற்கும் வட்டிக்காரன்போல்,
கதவு திறந்தே ஆகவேண்டும் என்று தெரிந்தவனாக.
அங்கிருந்து வந்தபின்
தும்முவதற்கு முன் என் விலாவிடம்
ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.

இல்லை என்று சொல்ல வாய் திறக்கிறேன்.

இன்னொன்றும் பார்த்தேனே.
கடைசி வாரம், எட்டாம் சுற்று முடிந்து
எல்லோரும் கடிகாரத்தின் பக்கம் திரும்பியிருந்தபோது
அவன் கயிற்றைப் பிடித்தான்.
சாயவில்லை. பிடித்தான்,
மாடிப்படியில் கைப்பிடி தேடும் மனிதனைப்போல.
மூன்று மூச்சு.
பிறகு நான் பார்ப்பதைப் பார்த்தான்,
ஓர் ஆப்பிளை என்னை நோக்கி எறிந்தான்.
முகாமில் கண்டதை வெளியே பேசமாட்டேன் என்று
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தின் கீழே
கையெழுத்துப் போட்டிருந்தேன்.
ஆப்பிளையும் தின்றுவிட்டேன்.

இப்போதே போனால் அந்த ஸ்பூன் இடத்தில்
பையனின் தாடை போகலாம்.
இரண்டு வருடம் பொறுத்தால் கை சரியாகும்.
இரண்டு வருடம் பொறுத்தால்
கயிற்றைப் பிடித்தவன் அங்கே இருக்கமாட்டான்;
அவனை வீழ்த்திய எவனோ இருப்பான்,
கயிறு தேவைப்படாதவன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
ஆமா என்றால் எனக்குப் பத்து வாரச் சம்பளம்.
மகளின் பள்ளிக் கட்டணம் ஜனவரியில்.
எந்தக் குரல் எனக்குள் பேசுகிறது என்று
பிரித்தறியும் அளவுக்கு
என் தலை இப்போது சுத்தமாக இல்லை,
அதில் அடித்தவர்கள் அதிகம்.

"உன்னைத்தான் கேட்கிறேன்," என்கிறாள் கவாரி.
தட்டில் கொழுப்பு உறையத் தொடங்கிவிட்டது.

அடுத்த பெஞ்சில் பையன்.
எடைக் கணக்கு, ஒரு துண்டும் தொடவில்லை.
ஓர் ஈ அவன் முகத்தைச் சுற்றுகிறது.
இடக்கையால் விரட்டுகிறான்,
ஒருமுறை, மறுமுறை.
கை கன்னத்துக்குத் திரும்புகிறது.
நடுவே புகை வந்து மறைத்துவிட்டது.

"இன்னொரு தடவை விரட்டு," என்கிறேன்.

"ஈ போய்விட்டதே," என்கிறான்.